கோவிவன் காத்த எருமைகள்

தீபத் திருநாளன்று மாலை ஆறு மணியளவில் அண்ணாமலை உச்சியில் சுடர் எழும்போது கீழே நிற்கும் பெருங்கூட்டம் எழுப்பும் 'அரோகரா' ஒலியை ஒருமுறை கேட்டவர்கள் மறப்பதில்லை. நாங்களும் கேட்டிருக்கிறோம். ஆனால் வரலாற்றுக் கிறுக்குப் பிடித்தவர்களோடு தீபம் பார்க்கப் போவதில் ஓர் இடையூறு உண்டு. கைகூப்பி நின்ற நம் நண்பர் ஒருவர், ஒலி அடங்குவதற்கு முன்பே எங்கள் பக்கம் திரும்பி, "பழைய நாளில் இந்தச் சுடருக்கு எந்த ஆட்டின் நெய்யை ஊற்றியிருப்பார்கள்?" என்று கேட்டுவிட்டார்.

அருகில் நின்ற பெரியவர் ஒருவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "ஆட்டு நெய்யா? கோயிலுக்கா? இது சைவ ஊருங்க" என்றார். கூட்டம் நகர்ந்தது, அவரும் நகர்ந்துவிட்டார். அவருக்குச் சொல்ல வாய்க்காமல் போன மறுமொழிதான் இக்கட்டுரை. சற்று நீண்டுவிட்டது, பொறுத்தருள்க.

முதலில் நெய்யையே பார்த்துவிடுவோம். அண்மை ஆண்டுகளில் மலைத் தீபத்துக்கு ஏறத்தாழ 3500 கிலோ நெய் செலவாவதாகச் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. அது பால்பண்ணைகளில் உருவாகி டின்களில் வந்து சேரும் நெய். சோழர் காலத்தில் பால்பண்ணைகள் இல்லை, ஆடுகள் இருந்தன. தமிழகக் கோயில் கல்வெட்டுகளைப் புரட்டும் எவருக்கும் மிக விரைவில் பழகிப்போகும் தொடர் 'சாவா மூவாப் பேராடு' என்பது. நந்தா விளக்கு ஒன்று இரவும் பகலும் எரிவதற்கு ஒருவர் கோயிலுக்கு 96 ஆடுகளைக் கொடுப்பார். சில ஊர்களில் 90. கோயில் அந்த ஆடுகளைத் தானே மேய்ப்பதில்லை. மன்றாடி எனப்படும் இடையரிடம் ஒப்படைக்கும். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய், அதாவது நாழியில் கால்பங்கு, கொண்டுவந்து அளக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் கணக்கு இன்னும் துல்லியமானது. ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. ஓர் எருமை ஆறு ஆட்டுக்குச் சமம், ஒரு பசு இரண்டு ஆட்டுக்குச் சமம் என்று ஒரு பேரரசின் அலுவலர்கள் கல்லில் வெட்டிவைத்த விலங்குப் பொருளாதாரம் இது. அண்ணாமலையார் கோயிலின் சுவர்களும் இந்த வழக்குக்கு விலக்கல்ல. ஆக, சிவன் கோயிலில் ஆட்டு நெய் எரிந்தது என்பதில் ஐயமே இல்லை. பெரியவரின் முதல் வினாவுக்கு விடை முடிந்தது.

எங்களுக்கு உண்மையில் ஆர்வமூட்டியது அதற்கு அடுத்த வினா. சாவாமலும் மூக்காமலும் ஆடு இருக்குமா? இருக்காது. மந்தைதான் சாவதில்லை. தொண்ணூற்றாறு என்ற எண்ணிக்கை குறையக்கூடாது என்பதே ஒப்பந்தம். கிழட்டு ஆடு கழியும். குட்டி அந்த இடத்தை நிரப்பும். ஆனால் ஆடுகள் கணக்குப்பிள்ளைகள் அல்லவே! தொண்ணூற்றாறு ஆடுகள் ஓராண்டில் ஈனும் குட்டிகளில் கழிந்த இடத்தை நிரப்பியதுபோக மிச்சம் எத்தனை! பெட்டைகளைக் கோயில் கணக்குக்கு வைத்துக்கொண்டால் கிடாக்குட்டிகள் எங்கே போயின? ஓர் உழக்கு நெய்க்கு மேல் கறந்த பால், தயிர், மோர், தோல், மயிர், எரு, இறைச்சி எல்லாம் யாருக்கு? கல்வெட்டு இதைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. பேச வேண்டிய தேவையும் இல்லை. அது மன்றாடியின் வீட்டுக் கணக்கு. நாட்டுப்புறத்தில் இன்றும் 'வாரத்துக்கு விடுதல்' என்றொரு வழக்கம் உண்டு. கையில் பணமுள்ளவர் ஓர் ஆட்டையோ கன்றையோ வாங்கி இல்லாதவர் வீட்டில் விடுவார். ஈற்றில் பங்கு பிரித்துக்கொள்வார்கள். எங்கள் கருத்தில் சாவா மூவாப் பேராடு என்பது தெய்வம் விட்ட வாரம். இறைவன் பங்கு உழக்கு நெய். மீதியில் ஓர் இடையர் குடும்பம் உண்டு வாழ்ந்தது. விளக்கின் ஒளியில் நாம் காணாதது அந்தக் குடும்பத்தின் அடுப்பு.

அந்த அடுப்பில் என்ன வெந்தது? இதற்குக் கல்வெட்டைவிட்டு இலக்கியத்துக்குப் போக வேண்டும். நல்வாய்ப்பாக, தமிழகத்தில் வேறெந்த மாவட்டத்துக்கும் எளிதில் கிட்டாத ஒரு சான்று திருவண்ணாமலைக்குக் கிட்டியிருக்கிறது. பத்துப்பாட்டின் பத்தாவது பாட்டான மலைபடுகடாம் இந்த மண்ணின் பாட்டு. இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள். பாட்டுடைத் தலைவன் நன்னன் சேய் நன்னன். அவன் ஊர் செங்கண்மா, இன்றைய செங்கம். அவன் மலை நவிரம், இன்றைய பர்வதமலை. அவன் ஆறு சேயாறு, இன்றைய செய்யாறு. உ.வே.சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்ததிலிருந்து அறிஞர்கள் இதைப் பலவாறு ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் இதை ஓர் உணவுப் பட்டியலாகப் படித்துப் பார்க்குமாறு வாசகர்களை வேண்டுகிறோம். கூத்தர் கூட்டம் ஒன்று நன்னனைக் காணப் புறப்படுகிறது. வழியில் எந்த ஊரில் எது கிடைக்கும் என்று, முன்பு சென்று மீண்டவன் சொல்லிக்கொண்டே போகிறான். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய செங்கம் வட்டாரம் வாசலில் வந்து நின்ற அயலாருக்கு என்ன பரிமாறியது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேறென்ன வேண்டும்?

மலைச் சிற்றூரில், சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல் கேளாமலே நுழையலாம் என்கிறான். நெய்யில் வெந்த இறைச்சியும் தினைச்சோறும் கிடைக்கும். இன்னும் மேலே போனால் மூங்கில் குழாயில் முதிர்ந்த தேன்தேறல், கடமான் இறைச்சி, முள்ளம்பன்றியின் கொழுத்த துண்டு, பெண்நாய் விரட்டிப் பிடித்த உடும்பு. கூடவே, புளியையும் மோரையும் கலந்து மூங்கிலரிசியிட்டுச் சமைத்த ஓர் உணவு. (எங்கள் குழுவில் சமையலறிந்த ஒருவர் மூங்கிலரிசி வாங்கி இதைச் செய்துபார்த்தார். முதல் முறை மோர் திரிந்துபோயிற்று. இரண்டாம் முறை அடுப்பிலிருந்து இறக்கியபின் மோரை ஊற்றினார், வாய்க்கு வழங்கிற்று.) காடு தாழ்ந்து முல்லை நிலம் வந்தால் உணவு மாறுகிறது. ஆயர் மகளிர் பசும்பாலை மகிழ்ந்து ஊற்றுகிறார்கள். கடல்போல் இரையும் ஆட்டு மந்தையுள்ள பட்டியில் மாலையில் போய்ச் சேர்ந்தால் பாலும் கூழும் தனியே சமைக்காமலே உடனே கிடைக்கும். படுக்க ஆட்டுத்தோல் விரிப்பு. காவலுக்குத் தீ. சமவெளியில் இறங்கினால் வலைஞர் கொணர்ந்த வாளையும் வராலும்.

காட்டில் வேட்டை இறைச்சி, மேய்ச்சல் நிலத்தில் பால், வயல்வெளியில் மீன். எங்கும் விலங்குணவே முன் நிற்கிறது. ஆனால் எங்கும் அது தனித்து நிற்கவில்லை என்பதையும் கவனியுங்கள். தினை, மூங்கிலரிசி, கூழ், நெல் என்று ஏதாவது ஒரு தவசம் துணைக்கு வருகிறது. இதை ஏன் வலியுறுத்துகிறோம் என்றால், விலங்குணவு மட்டுமே உண்டு வாழ்வது பற்றி உலகெங்கும் இப்போது பெரும் பேச்சு. 1928இல் வில்யால்மர் ஸ்டெஃபான்சன் என்ற வடதுருவப் பயணி நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் மருத்துவர் மேற்பார்வையில் தொடங்கி ஓராண்டு வெறும் இறைச்சி உண்டு காட்டினார். அதிலிருந்தே இந்தப் பேச்சு ஓயவில்லை. நம் நாட்டிலும் வீட்டுத் தோட்டத்தில் கோழியும் ஆடும் மாடும் வளர்த்து, பால், முட்டை, கறி என்று தற்சார்பாக வாழ விரும்பும் இளைஞர்கள் தோன்றியிருக்கிறார்கள். 'நம் முன்னோர் இப்படித்தான் உண்டார்கள்' என்று அவர்களுள் சிலர் சொல்லும்போது எங்களுக்கு மகிழ்ச்சியும் தயக்கமும் ஒருங்கே எழுகின்றன. கறி உண்டார்கள் என்பது சரி. கறி மட்டும் உண்டார்கள் என்பது சரியல்ல. ஜவ்வாது மலைக்கு மறுபக்கம் திருப்பத்தூர் வட்டத்திலுள்ள பையம்பள்ளியில் 1960களில் நிகழ்ந்த அகழாய்வு, புதிய கற்கால மக்களின் வாழிடத்தில் கருகிய கொள்ளையும் பச்சைப்பயற்றையும் எடுத்துக் காட்டிவிட்டது. தமிழ்நாட்டில் கால்நடையை மிக அதிகம் சார்ந்து வாழ்ந்த மக்கள் என்று தோதவர்களைச் சொல்லலாம். எருமையே அவர்களுக்கு உணவு, வழிபாடு, கவிதை, எல்லாம். டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் 1906இல் அவர்களைப் பற்றி ஒரு பெருநூலே எழுதினார். அவர்களும் படகரிடமிருந்து தானியம் பெற்றார்கள். எருமை மந்தைக்கு நடுவே வாழ்ந்தும் வழக்கமான உணவில் இறைச்சியைச் சேர்க்கவில்லை.

பண்டமாற்றுத்தான் இதன் உயிர்நாடி. பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆய்மகள் வருகிறாள். தொண்டைமான் இளந்திரையனின் நாட்டுக்காரி. நம் வட்டாரத்துக்கு அண்டை நாடுதான். விடியலில் தயிர் கடைந்து, வெண்ணெய் எடுத்து, மோர்ப்பானையைத் தலையில் ஏற்றிப் போய்த் தானியம் பெற்று வருகிறாள். வீடே அதில் உண்கிறது. நெய்க்கு விலையாகப் பொன் நீட்டினால் வாங்க மறுக்கிறாள். எருமை கொடு, பசு கொடு, எருமைக் கன்று கொடு என்கிறாள். பொன் கன்று போடாது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. இந்த ஒரு பெண்ணுக்கு ஈடாக ஒரு பொருளியல் பாடநூலை நாங்கள் தரத் தயங்கமாட்டோம்.

இனி, தலைப்பிலுள்ள கோவிவனுக்கு வருவோம்.

செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை தேடித் தொகுத்தது, 1972இல் இரா.நாகசாமி அவற்றைச் 'செங்கம் நடுகற்கள்' என்று நூலாகப் பதிப்பித்தார். பல்லவர், கங்கர், பாணர் என்று அரசர்கள் மாறுகிறார்கள். வீரன் சாகும் காரணம் பெரிதாக மாறுவதில்லை. தொறு. அதாவது மந்தை. தொறுக்கொண்டபோது பட்டான், தொறு மீட்டுப் பட்டான் என்று கல்லுக்குக் கல் அதே செய்தி. கையில் வில் அல்லது வாள். சில கற்களில் காலடியில் ஒரு கெண்டி. போருக்குப் போனவனின் தாகத்தை அந்தச் சிற்பி மறக்கவில்லை. 'வெட்சி', 'கரந்தை' என்று இலக்கணத்தில் துறை வகுத்துப் படிக்கும்போது இது வீர விளையாட்டுப்போல் தோன்றும். மந்தைதான் பால், நெய், கறி, எரு, சீர், கடன் எல்லாம் என்ற ஊரில், மந்தை போனால் வீடு பட்டினி. அந்தக் கற்களின் முன் நிற்கும்போதுதான் அது விளங்கும்.

எடுத்தனூர்க் கல் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. பொற்றொக்கையாரின் இளமகனான கருந்தேவக்கத்தி எருமைகளுக்காக நடந்த சண்டையில் இறந்துபட்டான். பெரிய போரில்லை, நாலைந்து எருமையாகவும் இருந்திருக்கலாம். அவனுக்குக் கல் நட்டவர்கள் அவனுக்குப் பின்னால் ஒரு நாயையும் செதுக்கினார்கள். நாயின் அருகே தனியாக எழுத்து வெட்டினார்கள். கோவிவன் என்னும் அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டுக் காவல் நின்றதாம். ஒரு பல்லவப் பேரரசனின் பெயரும் ஒரு வீட்டு நாயின் பெயரும் ஒரே கல்லில். விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் சண்டையில் இறந்த சேவலுக்கே கல் நட்டிருக்கிறார்கள் என்பதையும் இங்கே நினைவுகூரலாம். வளர்த்ததை உண்டவர்கள்தாம் இவர்கள். வளர்த்ததற்குப் பெயரிட்டு நினைவுக்கல் நட்டவர்களும் இவர்களே. இவ்விரண்டும் எப்படி ஒரே வீட்டில் இருந்தன என்று நகரத்தில் பிறந்த எங்களில் சிலருக்கு வியப்பு. ஆடு வளர்த்த வீட்டிலிருந்து வந்த நண்பருக்கு அதில் வியப்பே இல்லை. ஆடியில் வெட்டப்போகும் கிடாவுக்குத் தம் பாட்டி கடைசி நாள்வரை தன் தட்டிலிருந்து சோறு ஊட்டியதையும், வெட்டும் நாளில் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதையும், பிறகு குழம்பு வைத்ததையும் அவர் சொன்னார். அந்த நண்பர் பள்ளியில் படித்த காலத்தில், உப்புக்கண்டம் கொண்டுவந்ததற்காகத் தனியே உட்கார்ந்து உண்ண வேண்டியிருந்தது என்பதை மட்டும் குரல் தாழ்த்திச் சொன்னார்.

இங்கேதான் 'இது சைவ ஊர்' என்ற சொல் எங்களை உறுத்துகிறது. சிவனை வழிபடும் நெறிக்கும் மரக்கறி உணவுக்கும் தமிழில் ஒரே பெயர் அமைந்துவிட்டது. பெரியபுராணத்தில் கண்ணப்பர் இறைச்சியைச் சுவைத்துப் பார்த்துத்தான் படைத்தார். அதிபத்தர் மீன் பிடித்தவர். ஆனாயர் மாடு மேய்த்தவர். அண்ணாமலையிலேயே, மலையேறித் தீபத்தை ஏற்றும் உரிமை பர்வதராஜகுலத்தாருக்கு உரியது. அவர்கள் மரபாக மீன்பிடித் தொழிலுக்குரியோர். ஊரின் தலையாய சுடரை ஏற்றுவது வலை வீசிய கை. இந்தியப் பதிவாளர் தலைமையகத்தின் 2014ஆம் ஆண்டு மாதிரிக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 97 விழுக்காட்டினர் புலால் உண்போர். மீதி மூன்று பேரின் உணவை நாங்கள் குறை சொல்லவில்லை. கிரிவலப் பாதையில் நல்ல இட்லி கிடைக்கும் இடங்களையும் அறிவோம். தொண்ணூற்றேழு பேர் தம் அடுப்பைப் பற்றிக் குரல் தாழ்த்திப் பேச வேண்டியிருப்பதைத்தான் சொல்கிறோம்.

மாறாக, இந்த ஊர் வளர்ப்புயிர்களிடம் காட்டிய பரிவின் மறுமுனையையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1926இல் குடியாத்தம் பக்கத்திலிருந்து இரமணாசிரமத்துக்குக் கன்றாக வந்த லட்சுமி என்ற பசு 1948 ஜூன் 18 அன்று இறந்தபோது, அதற்கு ஆசிரமத்தில் சமாதி எழுப்பினார்கள். அங்கே அது இன்றும் இருக்கிறது. கோவிவனுக்கும் லட்சுமிக்கும் இடையில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள். வழி வேறு, பெயர் சொல்லி நினைக்கும் மரபு ஒன்றே என்று நாங்கள் எண்ணுகிறோம்.

மந்தைகள் எப்படிக் குறைந்தன என்பது தனிக் கட்டுரைக்குரியது, சுருக்கமாகச் சொல்வோம். 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம், அயல் நிலத்தில் வாய் வைத்த மாட்டைப் 'பவுண்டி'ல் அடைத்துத் தண்டம் வாங்கியது. 1876-78 பஞ்சத்தில் மனிதரோடு மாடுகளும் மாண்டன. 1882இன் மதராஸ் வனச் சட்டம் காடுகளை ஒதுக்கிக் கோடு போட்டது. தலைமுறை தலைமுறையாக மேய்த்த மலைச்சரிவில் கால்நடை நுழைய அனுமதிச் சீட்டும் கட்டணமும் தேவைப்பட்டன. நன்னனின் கூத்தர்கள் பால் குடித்த நிலம் ஒதுக்குக்காடாயிற்று. பின்னர் கூட்டுறவுப் பால் வந்தது. கலப்பினப் பசு வந்தது. பால் வீட்டில் தங்காமல் கேனில் ஏறிச் சாலைக்குப் போயிற்று. 2011இல் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு விலையில்லாக் கறவைப் பசுவும் ஆடுகளும் வழங்கத் தொடங்கியது. குடும்பத்துக்கு நான்கு ஆடு. பழைய சாவா மூவாப் பேராட்டின் சாயல் அதில் தெரிவதாக எங்களுக்குத் தோன்றும். கொடுத்தவர் அரசு, வளர்ப்பவர் ஏழை. ஆனால் மேய்ப்பதற்கு இடம்? 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் முதலில் எல்லாக் காடுகளிலும் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்து, அம்மாதத்திலேயே அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்ற அளவுக்குச் சுருக்கிக்கொண்டது. அந்த இடைப்பட்ட நாள்களில் ஆடு வளர்ப்போர் பட்ட கலக்கத்தை ஏடுகளில் பார்த்தோம்.

செங்கத்திலிருந்து திரும்பும் வழியில், அறுவடை முடிந்த வயலொன்றில் கிடை போட்டிருந்தார்கள். இருநூறு ஆடுகள் இருக்கும். காவலுக்கிருந்த அம்மாளிடம் பேச்சுக் கொடுத்தோம். நிலக்காரர் எருவுக்காகக் கிடை போடச் சொல்லி நெல்லோ பணமோ தருகிறார் என்றார். ஆட்டுப்பால் கறப்பீர்களா என்றோம்.

"குட்டிக்கே பத்தலைங்க. டீக்குப் பாக்கெட்டுதான்."

கறி?

"ஊட்ல எங்க சாப்புடறது? வாரச் சந்தையில வித்தாத்தான் பள்ளிக்கூடச் செலவு. ஆடியில ஆத்தாளுக்கு ஒண்ணு வெட்டுவோம். அன்னைக்குத்தான் கறி." சற்று நேரம் கழித்து, "எங்க மாமியா காலத்துல தெனமும் மோரு ஊத்துவாங்க, வர்றவங்க போறவங்களுக்கெல்லாம்" என்றார்.

பேசிக்கொண்டிருந்தபோதே பட்டியின் மறுகோடியில் குட்டி ஒன்று வலைக்கு வெளியே நழுவியது. கருப்பு நாய் ஒன்று எழுந்துபோய், கடிக்காமல் மூக்கால் நெட்டித் தள்ளி அதை உள்ளே அனுப்பிவிட்டு, பழைய இடத்தில் வந்து படுத்துக்கொண்டது. எங்கள் நண்பரால் சும்மா இருக்க முடியவில்லை. "நாய் பேரு என்னங்கம்மா?" என்றார்.

அம்மாள் சிரித்துவிட்டார். "நாய்க்கு என்ன சார் பேரு? தோ, தோன்னா வரும்."

நண்பர் அவருக்கு எடுத்தனூர்க் கல்லைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். இருட்டிக்கொண்டு வந்தது. நாங்கள் பேருந்தைத் தவறவிட்டோம்.